எட்டுப் பையன்களும் ஒரு கருங்கல் தூணும்

போன ஓகஸ்ட் விடுமுறையில் செங்கலடிக் காணியை அளக்க சேவையர் வந்தார். நாங்கள் குடியிருப்பது ஏறாவூரில். காணி, மூத்தவாப்பா அந்தக் காலத்தில் வாங்கியது. செங்கலடிச் சந்தியில் திரும்பி பதுளை வீதியில் கொஞ்சத் தூரம் போக வேண்டும். 1990க்குப் பிறகு பல வருடங்கள் எங்கள் வீட்டார் யாரும் அந்தப் பக்கம் போகவில்லை. திரும்பிப் போனபோது வேலியும் இல்லை, மூலைக்கல்லும் இல்லை, அடையாளத்துக்கு நின்ற புளியமரமும் இல்லை. பக்கத்துக் காணி ஐயாவுக்கும் அதே கதிதான். அவரும் இடம்பெயர்ந்து போய் வந்தவர். எல்லை வாய்க்கால் வரை வரும் என்பது அவருடைய ஞாபகம். வாய்க்காலுக்கு அங்கால் நாலு பாகம் வரை எங்களுடையது என்பது வாப்பாவின் ஞாபகம். இரண்டு பேரும் சண்டை பிடிக்கவில்லை. ஆனால் சந்தியில் கண்டால் தலையாட்டிவிட்டுப் போகும் அளவுக்குப் பேச்சுக் குறைந்திருந்தது.

சேவையரின் உதவியாள் அன்று வரவில்லை. கண்ணாடி பொருத்திய கோலைப் பிடித்துக்கொண்டு நிற்க ஒரு ஆள் தேவைப்பட்டது. நான் பிடித்தேன். அவர் பழைய பிளானை விரித்து, வீதியோரத்து மதகையும் தூரத்தில் இருந்த இன்னொரு கல்லையும் வைத்து ஏதோ கணக்குப் பார்த்தார். பிறகு வெறும் புல்தரை ஒன்றைக் காட்டி, இங்கே தோண்டுங்கள் என்றார். மண்வெட்டி இரண்டடி இறங்கியதும் டங் என்று ஒரு சத்தம். கல்! வாப்பா சொன்ன இடமும் இல்லை, ஐயா சொன்ன இடமும் இல்லை, இரண்டுக்கும் நடுவில். ஐயா வீட்டிலிருந்து பிளேன்ரீ வந்தது.

இப்படி மண்ணுக்குள் இருக்கும் கல்லைக் கண்டுபிடிக்கும் வித்தையை நம்முடைய மொழி பேசும் மண்ணில் முதலில் பாடசாலை வைத்துச் சொல்லிக்கொடுத்தது யார் என்று தேடப் போய்த்தான் மைக்கல் டொப்பிங் என்ற ஆங்கிலேயரைத் தெரிந்துகொண்டேன். சென்னையின் கிண்டி பொறியியல் கல்லூரியைக் கேள்விப்படாத கணிதப் பிரிவு மாணவி எங்கள் வகுப்பில் இல்லை. அதன் வேர் அவருடையது.

டொப்பிங் பிறந்தது 1747இல். முப்பத்தெட்டு வயதளவில், 1780களின் நடுப்பகுதியில், கிழக்கிந்தியக் கம்பனிக்காக வேலை செய்ய சென்னைக்கு வந்தார். அக்காலச் சென்னையில் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் நடுக்கடலில் நங்கூரமிட்டு நிற்கும். பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டிய மசூலாப் படகுகள் அலையை உடைத்துக்கொண்டு போய் ஆட்களையும் மூட்டைகளையும் இறக்கி வரும். சோழமண்டலக் கரை முழுவதும் இப்படித்தான். கடல்வரைபடத்தில் ஒரு முனை சில மைல் தள்ளிக் குறிக்கப்பட்டிருந்தால், இரவில் வரும் கப்பல் தரைதட்டும். ஆகவே கம்பனிக்குத் தேவைப்பட்டது கரையைச் சரியாக வரையக்கூடிய ஒருவர். அந்த வேலைக்கு வானத்தையும் தெரிந்திருக்க வேண்டும்.

நிலத்தை அளப்பவருக்கு வானம் எதற்கு என்று எனக்கும் முதலில் புரியவில்லை. நோன்பு காலத்தை நினைத்துப் பார்த்ததும் புரிந்தது. கொழும்பிலிருந்து வானொலியில் மஃரிப் பாங்கு ஒலிக்கும் நேரத்தில் ஏறாவூரில் நாங்கள் நோன்பு திறந்து ஏழெட்டு நிமிடமாகி, கஞ்சிக் கோப்பையும் பாதி காலியாகியிருக்கும். கொழும்பு எங்களுக்கு மேற்கே ஏறக்குறைய 1.75 பாகை தள்ளி இருக்கிறது. பூமி ஒரு பாகை திரும்ப 4 நிமிடம். ஆகவே அங்கே சூரியன் சுமார் 7 நிமிடம் பிந்தியே மறைகிறது. இதைத் தலைகீழாகப் போட்டால், இரண்டு ஊர்களின் உள்ளூர் நேர வித்தியாசம் தெரிந்தால் அவற்றுக்கு இடையிலான நெட்டாங்கு வித்தியாசம் தெரிந்துவிடும்.

ஆனால் தொலைபேசியும் வானொலியும் இல்லாத காலத்தில், சென்னையில் நிற்பவருக்கு கிரீனிச்சில் இப்போது என்ன மணி என்று எப்படித் தெரியும்? அதற்கொரு மணிக்கூடு வானத்திலேயே இருந்தது. வியாழனைச் சுற்றும் நிலவுகள் ஒழுங்காக அதன் நிழலுக்குள் புகுந்து மறையும். மிக உள்ளே சுற்றும் அயோ என்ற நிலவு ஏறக்குறைய நாற்பத்திரண்டரை மணி நேரத்துக்கு ஒருமுறை மறைகிறது. அந்த மறைவுகள் கிரீனிச் நேரப்படி எப்போது நிகழும் என்று முன்கூட்டியே கணித்து, கடலோடிகளுக்கான பஞ்சாங்கத்தில் அச்சிட்டிருந்தார்கள். தொலைநோக்கியில் நிலவு மறையும் கணத்தை உள்ளூர் நேரத்தில் குறித்து, புத்தகத்து நேரத்துடன் ஒப்பிட்டால் நெட்டாங்கு கையில். மேகம் மூடினால் அன்றைய வேலை போயிற்று. அடுத்த மறைவு வரை காத்திருக்க வேண்டும்.

1788இல் டொப்பிங் கரையோரமாக இறங்கினார். சென்னையிலிருந்து தெற்கே பாக்கு நீரிணை வரை, சுமார் 300 மைலுக்கு முக்கோணங்களைத் தொடுத்துக்கொண்டே போனார். முக்கோண அளவையின் அழகு எங்கள் இணைந்த கணிதப் பாடத்திலேயே இருக்கிறது. ஒரு பக்கத்தை மட்டும் நிலத்தில் அளந்தால் போதும். அதன் இரு முனைகளிலிருந்தும் தூரத்து அடையாளம் ஒன்றைப் பார்த்துக் கோணங்களை எடுத்தால், சைன் விதி மிச்ச இரண்டு பக்கங்களையும் தந்துவிடும். அந்தப் பக்கத்தின் மேல் அடுத்த முக்கோணம், அதன் மேல் இன்னொன்று. ஆற்றையும் சேற்றையும் கடந்து அளவுச் சங்கிலி இழுக்க வேண்டியதில்லை.

ஆனால் அந்த முதல் பக்கம் பிழைத்தால் எல்லாம் பிழை. அதை அளக்க அவருக்குச் சமதரை வேண்டியிருந்தது. அவர் தெரிந்தெடுத்தது பறங்கிப்பேட்டைக் கடற்கரை மணல். அந்தப் பெயரைக் கண்டதும் நான் புத்தகத்தை மூடிவிட்டு உம்மாவிடம் ஓடினேன். மரைக்காயர்களின் பழைய துறைமுகம் அது. நம் கரைக்கும் அக்கரைக்கும் தோணிகள் போய்வந்த காலத்தில் அங்கிருந்தும் இங்கு வியாபாரத்துக்கு வந்தார்கள். அந்த அடித்தளக் கோட்டை அளந்த விதம் பற்றி டொப்பிங் எழுதிய கட்டுரையை லண்டன் ரோயல் சொசைட்டி 1792இல் தன் ஆய்வேட்டில் வெளியிட்டது.

அந்த நாட்களில் வில்லியம் பெட்ரி என்ற கம்பனி அதிகாரி சென்னை எழும்பூரில் தன் வீட்டிலேயே சொந்தமாக ஒரு சிறு வானோக்கு நிலையம் வைத்திருந்தார். 1786இல் அமைத்தது. அவர் இங்கிலாந்து திரும்பும் வேளையில் கருவிகளை அரசுக்கே கொடுத்துவிட, அதை வைத்து நுங்கம்பாக்கத்தில் புதிய கட்டடம் ஒன்றை எழுப்பும் பொறுப்பு டொப்பிங்குக்கு வந்தது. 1792இல் கட்டி முடிந்தது. கட்டடம் என்றால் பெரிதாக எண்ண வேண்டாம். 40 அடி நீளம், 20 அடி அகலம், 15 அடி உயரத்தில் ஒரே ஒரு அறை. எங்கள் பௌதிகவியல் ஆய்வுகூடத்தின் அளவுதான் வரும். அதன் நடுவில் பத்துத் தொன் எடையுள்ள ஒரு கருங்கல் தூணை நட்டார். உச்சியில் கோணம் அளக்கும் கருவி. ஆட்கள் நடந்தாலும் காற்றடித்தாலும் கருவி மயிரிழையும் அசையக் கூடாது என்பதற்காகவே அவ்வளவு பெரிய கல்.

அந்தத் தூணில் தமிழ் உட்படப் பல மொழிகளில் எழுத்து வெட்டினார்கள். ஆசியாவில் கணித விஞ்ஞானங்களைப் பிரித்தானியரின் தாராள மனமே முதன்முதலில் நட்டது என்றும், ஆயிரம் வருடம் கழித்து வருகிறவர்களும் அதை அறிய வேண்டும் என்றும் அதன் சாரம். இதை வாசித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. அல்பிரூனி பஞ்சாபின் நந்தனாக் கோட்டை மலைமேல் நின்று, அடிவானம் தாழ்ந்து தெரியும் கோணத்தைக் கொண்டே பூமியின் ஆரையைக் கணித்தது அதற்கு ஏறக்குறைய 770 வருடங்களுக்கு முன்னால். சமர்க்கந்தில் உலூக் பெக் வானோக்கு நிலையம் எழுப்பியது 1420களில். அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். டொப்பிங்கின் அந்த அறையில் சில வருடங்கள் பொறுப்பாக இருந்த ஜோன் வொரன் என்பவர் பின்னாளில் புதுச்சேரியில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக்காரரைச் சந்தித்தார். 1825இல் வரவிருந்த சந்திர கிரகணத்தை அந்த மனிதர் தரையில் சிப்பிகளை அடுக்கி, வாய்ப்பாடுகளை மனதிலிருந்தே எடுத்துக் கணித்துக் காட்டினார். கிரகணம் தொடங்கும் நேரத்தில் பிழை வெறும் 4 நிமிடம். முடியும் நேரத்தில் பிழை கூட, 52 நிமிடம். வொரன் இரண்டையும் மறைக்காமல் எழுதி வைத்தார். தூணில் அந்த வாசகத்தை வெட்டச் சொன்னவர்களுக்கு அந்தச் சிப்பிகள் கண்ணில் படவில்லை.

இருந்தாலும் தூண் பயனில்லாத தூண் அல்ல. அது நின்ற இடத்தின் நெட்டாங்கு, கிரீனிச்சுக்கு 5 மணி 21 நிமிடம் முந்தியது என்று கணக்கானது. பின்னாளில் இந்திய ரயில்கள் ஓடியது அந்தச் சென்னை நேரத்தில். 1906இல் இந்தியாவுக்குப் பொது நேரம் வரும் வரை அதுவே. லாம்ப்டனின் பெரிய அளவைக்கும் கிழக்கு மேற்குக் கணக்குக்கு அந்த இடமே ஆதாரப் புள்ளி. 1899இல் வானியல் வேலைகள் கோடைக்கானல் மலைக்குப் போய்விட்டன. தூண் இன்றும் நுங்கம்பாக்கத்தில் வானிலை ஆய்வு நிலைய வளவில் நிற்கிறது, உச்சியில் கருவி எதுவும் இல்லாமல்.

என்னைக் கேட்டால் டொப்பிங் நட்ட பெரிய விஷயம் அந்தத் தூண் அல்ல. 1794 மே மாதம் அவர் ஒரு சிறு பாடசாலை தொடங்கினார். மாணவர்கள் எட்டே எட்டுப் பேர், எல்லோரும் பையன்கள். காரணம் தர்ம சிந்தனை அல்ல. மைசூர்ப் போர் 1792இல் முடிந்ததும் சேலம், திண்டுக்கல் பக்கமெல்லாம் கம்பனியின் கைக்கு வந்தது. வரி போட வேண்டுமானால் வயல்களை அளக்க வேண்டும். இங்கிலாந்திலிருந்து அளவையாளர்களைக் கூப்பிட்டால் சம்பளம் கட்டாது, வருகிறவர்களும் காய்ச்சலில் செத்துப் போனார்கள். ஆகவே மலிவாக இங்கேயே ஆட்களைத் தயாரிக்கும் யோசனை. நில அளவை அன்றைக்கு ஏழை விவசாயிக்கு நல்ல செய்தி அல்ல. சங்கிலி வந்தால் பின்னாலேயே வரிச்சீட்டு வரும். வாப்பாவும் ஐயாவும் குடித்த பிளேன்ரீயை நினைத்து நான் இந்தத் தொழிலை வெள்ளையடிக்கப் போவதில்லை.

அந்த எட்டுப் பேரும் எங்கிருந்து வந்தார்கள்? சென்னையின் ஆண்பிள்ளைகள் ஆதரவு இல்லத்திலிருந்து. ஐரோப்பியச் சிப்பாய்களுக்கும் நம்மூர்ப் பெண்களுக்கும் பிறந்து, தகப்பன் செத்தோ விட்டுப் போயோ நின்ற பிள்ளைகள். அங்கிலும் சேர்க்கமாட்டார்கள், இங்கிலும் சேர்க்கமாட்டார்கள். அந்த இல்லத்தை நடத்திய அன்ட்ரூ பெல், மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும் முறையை அங்கேதான் உருவாக்கினார். நம் திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்துவிட்டு, அதையும் எடுத்துக்கொண்டார். பிறகு அந்த முறை சென்னை முறை என்ற பெயரிலேயே இங்கிலாந்துப் பாடசாலைகளுக்குப் போனது.

டொப்பிங் அந்தப் பையன்களைக் கேத்திர கணிதத்திலும் சங்கிலி பிடிப்பதிலும் நட்சத்திரம் பார்ப்பதிலும் பழக்கினார். அவருடைய உதவியாளர் ஜோன் கோல்டிங்ஹாம் அவருடன் நின்றார். வெள்ளை அதிகாரிக்குக் கிடைத்த சம்பளத்தில் ஒரு துண்டுதான் இந்தப் பையன்களுக்கு. பதவியும் உதவியாளர் மட்டத்தோடு நின்றுவிடும். ஆனாலும் தெருவில் நின்ற பிள்ளையின் கையில் ஒரு தொழில் வந்தது. இதில் எதைப் பெரிதாக எடுப்பது என்று நானும் என் தோழியும் இடைவேளையில் வாதாடி முடியவில்லை. அவள் சம்பளத்தைப் பிடித்துக்கொண்டாள், நான் தொழிலைப் பிடித்துக்கொண்டேன்.

இதே காலத்தில் டொப்பிங்குக்கு இன்னொரு வேலையும் வந்தது. 1791, 1792இல் வடக்கே தெலுங்குக் கரையோரத்தில் கொடும் பஞ்சம். கிருஷ்ணாவும் கோதாவரியும் நிறையத் தண்ணீரைக் கடலில் கொட்ட, கரையில் மனிதர் பட்டினியால் செத்தார்கள். அந்த ஆற்றுநீரை வயலுக்குத் திருப்ப முடியுமா என்று பார்க்க அவரை அனுப்பினார்கள். குளங்களையும் வாய்க்கால்களையும் திருத்தும் மேற்பார்வையும் அவரிடம் வந்தது. நட்சத்திரம் பார்த்தவர் இப்போது மட்டம் பார்த்தார். உறுகாமம் குளத்துத் தண்ணீரை நம்பி விதைக்கும் ஊர்க்காரருக்கு மட்டம் என்றால் என்ன என்று சொல்லத் தேவையில்லை. ஒரு சாண் பிழைத்தால் தண்ணீர் ஏறாது.

அந்த அலைச்சலிலேயே அவருக்குக் காய்ச்சல் வந்தது. 1796 ஜனவரியில் மசூலிப்பட்டினத்தில் இறந்து போனார். ஐம்பது வயதுகூட நிரம்பவில்லை. அவர் அளந்து பார்த்த கோதாவரியின் குறுக்கே அணை எழுந்து முடிந்தது 1852இல், கிருஷ்ணாவில் 1855இல். இரண்டும் ஆர்தர் கொட்டன் பெயரோடு சேர்ந்துவிட்டன. இடையில் போனது அரை நூற்றாண்டுக்கும் மேல். அந்த இடைவெளியில் 1833இல் குண்டூரில் இன்னொரு பெரும் பஞ்சம் வந்தது. அளந்தவர் சொன்னதைக் கேட்டிருந்தால் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

அவர் இறப்பதற்குச் சில மாதங்களுக்கு முன், 1795 செப்டம்பரில், ஆங்கிலேயர் ஒல்லாந்தரிடமிருந்து மட்டக்களப்புக் கோட்டையைப் பிடித்திருந்தார்கள். முதல் சில வருடங்கள் நம் கரையோரமும் சென்னையிலிருந்தே ஆளப்பட்டது. இலங்கையில் நில அளவைத் திணைக்களம் தொடங்கியது 1800இல்.

பாடசாலை டொப்பிங்கோடு சாகவில்லை. கோல்டிங்ஹாம் வானோக்கு நிலையத்தையும் பையன்களையும் சேர்த்தே ஏற்றுக்கொண்டார். 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்ப்டன் பரங்கிமலையருகே ஏழரை மைல் அடித்தளக் கோடு ஒன்றை அளந்து, பின்னாளில் இமயம் வரை போன மாபெரும் முக்கோண அளவையைத் தொடங்கினார். அரைத் தொன் கருவியோடு காடு மலையெல்லாம் அலைய அவருக்கு ஆட்கள் எங்கிருந்து கிடைத்தார்கள்? ஜோசுவா டி பென்னிங், வில்லியம் ரொசன்ரோட், பீற்றர் லோரன்ஸ் எல்லோரும் அந்தப் பாடசாலையில் வளர்ந்தவர்கள். 1823இல் லாம்ப்டன் இறந்த பிறகும் வேலை நின்றுவிடாமல் பிடித்துக்கொண்டவர்களில் டி பென்னிங் ஒருவர். பின்னர் கல்கத்தாவில் கணிப்பாளர்களுக்குத் தலைவராகவும் இருந்தார். எவரெஸ்ற் சிகரத்துக்குப் பெயர் வைத்தபோது இந்தப் பெயர்களை யாரும் யோசித்திருக்க மாட்டார்கள். அந்த எட்டுப் பேர் பாடசாலைதான் 1858இல் குடிசார் பொறியியல் பாடசாலையாகி, அடுத்த வருடம் கல்லூரியாகி, 1920இல் கிண்டிக்குப் போனது.

இவ்வளவையும் எழுதிவிட்டு, ஒரு இரவு உம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். காரணம் இருக்கிறது. சேவையர் வந்து போன அன்றே, உயர்தரம் முடிந்ததும் நில அளவை விஞ்ஞானம் படிக்க விருப்பம் என்று வீட்டில் சொல்லியிருந்தேன். அந்தப் பட்டப்படிப்பு பெலிஹுல்ஓயாவில் சப்ரகமுவப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. வாப்பா ஒன்றும் சொல்லவில்லை. உம்மாதான், பொம்பிளைப் பிள்ளை கோலைத் தூக்கிக்கொண்டு காடு மேடெல்லாம் திரிவதா, ரீச்சர் வேலைக்குப் படித்தால் ஆகாதா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். எனக்கும் பதில் தெரியவில்லை. உம்மாவின் பயம் வெறும் பயம் அல்ல. அந்தக் காட்டு வழிகளில் என்னென்ன நடந்தது என்று கண்டவர் அவர்.

வாசித்து முடித்ததும் உம்மா கருங்கல் தூணைப் பற்றியோ முக்கோணத்தைப் பற்றியோ கேட்கவில்லை. அந்தப் பிள்ளைகளுடைய தாய்மாருக்கு என்ன நடந்தது என்று கேட்டார். சிப்பாய்மார் பெயரும் பட்டாளமும் பதிவாகும், தாய்மார் நம்மூர்ப் பெண்கள் என்பதோடு கதை நின்றுவிடும் என்று சொன்னேன். உம்மா கொஞ்ச நேரம் கோழிக்கூட்டுக் கதவைச் சரிபார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, அந்தப் பெலிஹுல்ஓயா எந்தப் பக்கம் என்று கேட்டார்.

நம் காணியைக் கடந்து போகிற பதுளை வீதியில்தான் போக வேண்டும் என்றேன். சந்தியில் ஏறினால் பதுளை வரை ஒரு பஸ். அங்கிருந்து அப்புத்தளைப் பக்கமாக இன்னொரு பஸ்.